"வண்டி வாடகைக்கு வருமா, அக்கா?": எட்டியோஸுடன் நான்கு ஆண்டுகள்

போன மாதம் பீளமேடு விமான நிலையத்தில் அண்ணன் மகளுக்காகக் காத்திருந்தேன். வண்டியை ஓரமாக நிறுத்திவிட்டுக் கைப்பேசியைப் பார்த்துக்கொண்டிருந்தபோது பின்கதவு திறந்தது. கனமான பெட்டி ஒன்று இருக்கையில் விழுந்தது. அதன் பின்னாலேயே ஒரு பெரியவர் ஏறி உட்கார்ந்து, "ஆர்.எஸ். புரம் போங்கள். ஏ.சி.யைக் கொஞ்சம் கூட்டி வையுங்கள்" என்றார். நான் திரும்பிப் பார்த்தேன். அவர் என் முகத்தையும், முன் இருக்கையில் உருண்டு கிடந்த நூல் கோன்களையும் மாறி மாறிப் பார்த்தார். பிறகு பதறிப்போய் இறங்கினார். பெட்டியை மறந்துவிட்டு இறங்கியதால், பத்தடி போனவர் திரும்பி வந்து தலையைக் குனிந்தபடி அதை எடுத்துக்கொண்டு போனார்.

அவரைக் குறை சொல்லமாட்டேன். வெள்ளை நிற டொயோட்டா எட்டியோஸ் ஒன்று விமான நிலைய வாசலில் நின்றால் வாடகை வண்டி என்றுதான் யாரும் நினைப்பார்கள். நம்பர் பிளேட் மஞ்சளா வெள்ளையா என்று யார் குனிந்து பார்க்கிறார்கள்? நான்கு ஆண்டுகளில் எனக்கு இது பதினோராவது முறை. எண்ணிக்கொண்டு வருகிறேன்.

நான் நூல் ஏஜென்ட். கோவை, பல்லடம், சோமனூர்ப் பக்கத்து ஸ்பின்னிங் மில்களிலிருந்து நூலைத் திருப்பூர் பனியன் கம்பெனிகளுக்கு விற்றுக் கொடுத்துக் கமிஷன் வாங்குவது தொழில். மாதத்தில் இருபத்திரண்டு நாள் சாலையில் இருப்பேன். ஆகவே கார் எனக்கு ஆபீஸ், சாப்பாட்டு அறை, சில மதியங்களில் படுக்கையறை. இப்படி வண்டியோடு குடும்பம் நடத்துகிறவள் என்பதால், கார் வாங்கப் போகிற உறவினர்கள் என்னிடம் கேட்பார்கள்: அழகான வண்டி வாங்குவதா, மக்கர் பண்ணாத வண்டி வாங்குவதா? ஓட்டச் சுகமான வண்டியா, கண்ணை மூடிக்கொண்டு ஓடுகிற வண்டியா? இரண்டு பக்கமும் நான்கு நான்கு ஆண்டுகள் இருந்து பார்த்துவிட்டேன். அதனால்தான், இன்று ஷோரூமில் கிடைக்காத ஒரு காருக்கு மதிப்புரை எழுத உட்கார்ந்திருக்கிறேன்.

முதலில் அந்தச் சிவப்பு வண்டியைப் பற்றிச் சொல்லவேண்டும். ஐரோப்பியத் தயாரிப்பு, பெயர் வேண்டாம். அதன் மேல் கோபமும் தீரவில்லை, பாசமும் தீரவில்லை. அப்படிப்பட்ட உறவில் பெயர் சொல்லிப் பேசுவது நாகரிகம் இல்லை. 2018இல் புதிதாக வாங்கினேன். பழுத்த மிளகாயின் கருஞ்சிவப்பு. கதவைச் சாத்தினால் இரும்புப் பெட்டகத்தை மூடியதுபோல 'தொப்' என்று ஒரு சத்தம். அந்தச் சத்தத்துக்காகவே சில நாட்கள் கதவைச் சரியாகச் சாத்தவில்லை என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டு மறுபடி திறந்து சாத்தியிருக்கிறேன். டர்போ பெட்ரோல் எஞ்சின், இரட்டை கிளட்ச் வைத்த தானியங்கி கியர். கிணத்துக்கடவு தாண்டிப் பொள்ளாச்சி சாலை விரிகிற இடத்தில் காலை அழுத்தினால் முதுகு இருக்கையில் ஒட்டிக்கொள்ளும். கியர் மாறுவது காதுக்குத்தான் தெரியும், உடம்புக்குத் தெரியாது. ஸ்டீயரிங் வேகம் கூடக்கூடக் கையில் கனக்கும். சாலையில் எங்கே சரளை, எங்கே தார் என்பதை விரல்களுக்குச் சொல்லும்.

இதெல்லாம் படம் காட்டுகிற சமாச்சாரம் என்று நினைப்பவர்கள் கோவைக்காரர்களாக இருக்க முடியாது. செட்டிபாளையத்தில் காரி மோட்டார் ஸ்பீட்வே என்ற 2.1 கிலோமீட்டர் பந்தயத் தடம் இருக்கிறது. அவிநாசி சாலையில் பழைய கார்களுக்கென்றே ஜி.டி. கார் மியூசியம் இருக்கிறது. 2005இல் ஃபார்முலா ஒன் பந்தயத்தில் ஓட்டிய முதல் இந்தியர் நரேன் கார்த்திகேயன் எங்கள் ஊர்க்காரர். நன்றாகத் திரும்புகிற வண்டியைப் பற்றிப் பேசினால் இங்கே ஓட்டல் சர்வரும் நின்று கேட்பார்.

இரண்டு ஆண்டுகள் தேனிலவு. மூன்றாம் ஆண்டில் அவிநாசி சாலையில் மேம்பால வேலை ஆரம்பித்தது. உப்பிலிபாளையத்திலிருந்து கோல்ட்வின்ஸ் வரை பத்துக் கிலோமீட்டருக்குத் தூண் நட்டார்கள்; கீழே நாங்கள் எறும்புபோல ஊர்ந்தோம். அந்த ஊர்தலில்தான் வண்டியின் உடம்பு மாறியது. முதல் கியரிலிருந்து இரண்டுக்குப் போகும்போது ஒரு நடுக்கம். குளிர்ஜுரம் வந்த குழந்தையை மடியில் வைத்திருப்பதுபோல இருந்தது.

இதன் காரணம் எனக்குப் பிற்பாடுதான் விளங்கியது. இந்த வகைக் கியர்பெட்டியில் இரண்டு கிளட்ச். ஒன்று 1, 3, 5 ஆகிய ஒற்றைப்படைக் கியர்களுக்கு; மற்றது 2, 4, 6 ஆகிய இரட்டைப்படைக்கு. நீங்கள் ஒன்றில் போய்க்கொண்டிருக்கும்போதே அடுத்ததைத் தயாராகப் பிடித்து வைத்திருக்கும்; அதனால்தான் அந்த வழவழப்பு. ஆனால் எண்ணெயில் முங்காத உலர்ந்த கிளட்ச் தட்டுகள் என்றால், மணிக்கு ஐந்து கிலோமீட்டர் வேகத்தில் ஊரும்போது அவை முழுதாகச் சேரவும் முடியாமல் பிரியவும் முடியாமல் உரசிக்கொண்டே இருக்கும். சூட்டைக் கொண்டுபோக எண்ணெய் கிடையாது. விரைவுச் சாலையில் ராஜாவாக இருக்கிற ஏற்பாடு, ஹோப் காலேஜ் சிக்னலில் சட்டியில் போட்ட அப்பளம் ஆகிவிடுகிறது.

2021 நவம்பரில் ஒரு நாள். பல்லடம் அருகே ஒரு மில்லுக்குள் வண்டியை விட்டிருந்தேன். பேச்சு முடிந்து வெளியே வரும்போது இரவு எட்டரை மணி. சாவியைத் திருப்பினால் எஞ்சின் உறுமுகிறது. மீட்டரில் மஞ்சளாக ஒரு பல்சக்கரம் எரிகிறது. ரிவர்ஸ் விழவில்லை. முன்னால் காம்பவுண்டுச் சுவர், பின்னால் காலி இடம். வண்டிக்குப் பின்னால் போகத் தெரியவில்லை, முன்னால் போக வழியில்லை. வாட்ச்மேன் விசில் ஊதி நைட் ஷிப்ட் ஆட்கள் ஆறு பேரைக் கூட்டிவந்தார். தலைமுடியெல்லாம் பஞ்சு ஒட்டிய பையன்கள். நியூட்ரலில் போட்டுக்கொள்ளச் சொல்லிவிட்டுத் தள்ளினார்கள். ஒரு பையன் மட்டும் தள்ளாமல் பானெட்டைத் தடவிப் பார்த்துக்கொண்டே நடந்தான். "என்ன வண்டி அக்கா! என்ன கலர்!" என்றான். அந்த நேரத்திலும் எனக்குக் கொஞ்சம் பெருமையாகத்தான் இருந்தது என்பதை மறைக்காமல் சொல்லிவிடுகிறேன்.

வண்டி லாரி முதுகில் ஏறிக் கோவைக்குப் போனது. கியர்பெட்டியின் கட்டுப்பாட்டுக் கருவியை மாற்றவேண்டும், கிளட்ச் செட்டையும் சேர்த்து மாற்றுவது நல்லது என்றார்கள். பொருள் வெளியூரிலிருந்து வரவேண்டும். இருபத்து மூன்று நாட்கள் காத்திருந்தேன். பில் ஒரு லட்சத்தைத் தாண்டியது. கூடுதல் வாரண்டி வாங்கச் சொல்லி விற்பனை நாளன்றே கேட்டிருந்தார்கள். அந்தப் பணத்துக்குச் சீட் கவர் போட்டவள் நான். அதையும் கணக்கில் எழுதிக்கொள்ளவேண்டும்.

இருபத்து மூன்று நாளும் காந்திபுரத்திலிருந்து திருப்பூர் பஸ். சாம்பிள் கோன்களைக் கட்டைப்பையில் போட்டு மடியில் வைத்துக்கொண்டு போனேன். என் மாமனார் சங்ககிரியில் லாரி வைத்திருந்தவர். ஒரு நாள் ராத்திரி நான் பஸ்ஸிலிருந்து இறங்கி வீடு வந்தபோது திண்ணையில் உட்கார்ந்திருந்தார். "கண்ணு, வண்டி நின்றால் வட்டி நிற்காது" என்றார். அவ்வளவுதான். நாற்பது வருட லாரித் தொழிலில் அவர் வண்டியின் அழகைப் பற்றிப் பேசி நான் கேட்டதில்லை. ஆனால் ஒவ்வோர் ஆண்டும் ஆயுத பூஜைக்கு நாமக்கல்லிலிருந்து ஆள் வரவழைத்துக் கேபின் நெற்றியில் பூவேலை எழுதவைப்பார் என்று மாமியார் சொல்லியிருக்கிறார். நான் அதை நினைவுபடுத்தினேன். "அது சாமிக்கு" என்றார்.

2022 ஜனவரியில் சிவப்பு வண்டியை விற்றுவிட்டு எட்டியோஸ் வாங்கினேன். 2017 மாடல், பெட்ரோல், ஒரே உரிமையாளர், 52,000 கிலோமீட்டர் ஓடியது. விலை 5,40,000 ரூபாய். எனக்கு அதைத் தேடிக்கொடுத்தவர் கணபதியில் பட்டறை வைத்திருக்கும் மெக்கானிக் அண்ணன். நான் நான்கு வண்டிகளின் படங்களைக் காட்டினேன். அவர் படங்களைப் பார்க்கவே இல்லை. "அம்மணி, ராத்திரி எட்டரை மணிக்குப் பல்லடத்தில் இந்த வண்டிக்குச் சாமான் கிடைக்குமா? அதை மட்டும் சொல்லுங்கள்" என்றார்.

நம்பகமான வண்டி என்றால் என்ன என்பதை நான் அந்தக் கேள்வியிலிருந்துதான் கற்றுக்கொண்டேன். கெட்டுப்போகாத வண்டி என்று எதுவும் கிடையாது. ரப்பர் தேயும், பேரிங் பாடும், பேட்டரி சாகும். கெட்டுப்போன பிறகு எவ்வளவு சீக்கிரம் எழுந்து நடக்கும் என்பதில்தான் விஷயம் இருக்கிறது. அதில் பாதி, காரைச் செய்தவர் கையில் இருக்கிறது. மீதிப் பாதி, உதிரிபாகக் கடைக்காரர், தெருமுனை மெக்கானிக், அதே வண்டியை அந்த ஊரில் ஓட்டுகிற இன்னும் நூறு பேர் ஆகியோர் கையில் இருக்கிறது. ஒரே கார் ஜெர்மனியில் நல்ல பிள்ளையாகவும் பல்லடத்தில் தறுதலையாகவும் இருக்கமுடியும். வாடகைக்காரர்கள் கூட்டமாக ஓட்டுகிற வண்டி எதுவோ, அதற்குச் சாமான் மலிவாகும், அதன் நோய்களெல்லாம் ஊருக்குத் தெரிந்துவிடும், மருந்தும் தெரிந்துவிடும். விமான நிலையத்தில் என் பின்கதவைத் திறக்கிறார்களே, அதே காரணத்தால்தான் என் வண்டிக்குச் சாமான் பல்லடத்திலும் கிடைக்கிறது. ஒன்றை வாங்கினால் மற்றது இலவசம்.

இனி வண்டி. எட்டியோஸ் 2010 டிசம்பரில் வந்தது. இந்தியாவை மனத்தில் வைத்து டொயோட்டா வடிவமைத்து, பெங்களூருக்குப் பக்கத்தில் பிடதியில் செய்தார்கள். 2016இல் முகத்தைத் திருத்தி 'பிளாட்டினம்' என்று ஒரு பெயர் சேர்த்தார்கள்; அப்போது இரண்டு ஏர்பேகும், சக்கரம் பூட்டிக்கொள்ளாமல் தடுக்கிற ஏ.பி.எஸ். பிரேக்கும் எல்லா ரகங்களிலும் கட்டாயம் ஆயின. என்னுடையது அந்தக் காலத்து வண்டி. 2020இல் பி.எஸ். 6 என்ற புகைக் கட்டுப்பாட்டு விதி வந்தபோது கடையைக் கட்டிவிட்டார்கள்.

அழகு? பக்கவாட்டில் பார்த்தால் பள்ளிக்கூடப் பையன் ஸ்கேல் வைத்து வரைந்த கார். ஒரு கோடு கூட வளைய விரும்பவில்லை. வேகமானி ஓட்டுநருக்கு எதிரே இல்லை. டாஷ்போர்டின் நடுவில், கல்யாண வீட்டில் எல்லாருக்கும் தெரியவேண்டும் என்று மாட்டிய கடிகாரம்போல இருக்கிறது. என் வேகத்தை என்னைவிடப் பக்கத்தில் உட்கார்ந்திருக்கும் என் கணவர் நன்றாகப் பார்ப்பார். இந்த ஏற்பாட்டைச் செய்தவர் யாரோ ஒரு கணவராகத்தான் இருக்கவேண்டும். முன்கண்ணாடிக்கு ஒரே ஒரு வைப்பர். முதல் மழையில் எனக்கு நம்பிக்கை இல்லை. ஆனால் நீளமான கை, முறத்தால் அள்ளுவதுபோல வீசித் துடைத்துவிடுகிறது. கதவு சாத்துகிற சத்தம் மட்டும் எனக்கு இன்றும் பிடிக்கவில்லை. டால்டா டப்பாவை மூடியது போல. 90க்கு மேல் போனால் சாலைச் சத்தம் உள்ளே வந்து கூடவே உட்கார்ந்துகொள்ளும்; பாட்டைக் கூட்டி வைக்கவேண்டியதுதான்.

ஆனால் டிக்கியைத் திறந்து பாருங்கள். 590 லிட்டருக்கு மேல். சாம்பிள் கோன் அட்டைப்பெட்டிகள் எட்டு, என் குடை, மாற்றுச் செருப்பு, ஒரு மூட்டை பொள்ளாச்சி இளநீர் எல்லாம் போய், இன்னும் இடம் இருக்கும். சிவப்பு வண்டியில் பெட்டிகளைப் பின் இருக்கையில் அடுக்கித் துண்டு போர்த்திக்கொண்டு போவேன். பின் இருக்கையும் அப்படித்தான். என் மாமனார் காலை நீட்டி உட்கார்ந்து, "இதுதான் கார்" என்றார். அவர் இதுவரை எந்தக் காருக்கும் கொடுத்த ஒரே சான்றிதழ்.

எஞ்சின் 1,496 சி.சி., 90 குதிரைச் சக்தி. டர்போ கிடையாது. வால்வுகளை ஓட்டுவது சங்கிலி. குறிப்பிட்ட கிலோமீட்டரில் மாற்றவேண்டிய ரப்பர் பெல்ட் இல்லை. எண்களைப் பார்த்தால் சிவப்பு வண்டி இதை விழுங்கிவிடும். ஆனால் வண்டியின் எடை குறைவு. ஐந்தாவது கியரில் நாற்பதில் போய்க்கொண்டிருக்கும்போது மாட்டுவண்டி குறுக்கே வந்து, பிறகு விலகி, மறுபடி மிதித்தால், கியரைக் குறைக்கச் சொல்லி அழாமல் மெல்ல எழுந்து போகும். சூலூரிலிருந்து திருப்பூர் வரை இப்படியே போய்விடலாம். ஊருக்குள் லிட்டருக்குப் பன்னிரண்டு, வெளிச்சாலையில் பதினைந்து, பதினாறு கிலோமீட்டர் எனக்குக் கிடைக்கிறது. என் வலதுகால் சிவப்பு வண்டியில் பழகிய கால் என்பதைச் சேர்த்துப் படித்துக்கொள்ளுங்கள்.

நான்கு ஆண்டுகளில் 86,000 கிலோமீட்டர் ஓட்டியிருக்கிறேன். இப்போது மீட்டர் 1,38,000. டயர், பிரேக் பேடு, ஒரு கிளட்ச், ஒரு பேட்டரி. இவை தேய்மானம், ஓடினால் தேயும். இதைத் தவிர எழுத எதுவும் இல்லை. மதிப்புரைக்காரருக்கு இது பெரிய சங்கடம். சிவப்பு வண்டியைப் பற்றி இரவு முழுக்கப் பேசுவேன். இதைப் பற்றிச் சொல்வதற்குக் கதையே உண்டாவதில்லை.

கதை வேறு பக்கத்திலிருந்து வந்தது. திருப்பூரில் நூல் கடனுக்குத்தான் போகும். முப்பது நாள், நாற்பத்தைந்து நாள். அந்தப் பணத்துக்கு மில்லிடம் வாய்ப்பொறுப்பு ஏஜென்டுக்கு. ஆகவே ஒருவர் ஒருவரை எடைபோடுவது எங்கள் தொழிலில் பாதி வேலை. சிவப்பு வண்டியில் போன காலத்தில் கேட் திறந்தபடி இருக்கும். எட்டியோஸில் முதன்முறை போனபோது, வாட்ச்மேன் என்னைச் சுற்றுச்சுவர் ஓரம் டிரைவர்கள் நிற்கிற வேப்பமரத்துக்கு அனுப்பினார். உள்ளே போனேன். பத்து வருடம் பழக்கமான பனியன் கம்பெனிக்காரர். காபி வந்தது. ஜன்னல் வழியாக வண்டியைப் பார்த்துவிட்டு, குரலைத் தாழ்த்தி, "ஏதாவது சிரமம் என்றால் சொல்லுங்கள். கூச்சப்படாதீர்கள்" என்றார். அன்போடுதான் சொன்னார். அந்த அன்புதான் ஆபத்து. அடுத்த வாரம் அவர் என்னிடம் 30ஆம் நம்பர் நூலுக்குக் கிலோவுக்கு இரண்டு ரூபாய் குறைத்துக் கேட்டபோது, வண்டியை மனத்தில் வைத்துத்தான் கேட்கிறார் என்று எனக்குத் தோன்றியது. தோன்றியதுதான், நிரூபிக்க முடியாது. ஆனால் தோற்றத்துக்குச் செலவழிப்பது வீண் என்று சொல்கிறவர்கள், தோற்றத்தால் காசு பார்க்கிற தொழிலில் இருந்ததில்லை என்று அன்று முடிவு செய்தேன்.

இதற்கு நேர்மாறாகவும் இருக்கிறது. சோமனூர்ப் பக்கம் ஒரு மில் முதலாளி இருக்கிறார்; அவர் மில்லில் எத்தனை நூற்புக் கதிர் ஓடுகிறது என்று எழுதினால் யாரென்று தெரிந்துவிடும். அவர் இன்றும் மாருதி 800இல்தான் மில்லுக்கு வருகிறார். அந்த வண்டியின் தயாரிப்பே 2014இல் நின்றுவிட்டது. அவரைப் பார்த்து யாரும் குரலைத் தாழ்த்துவதில்லை. பழைய வண்டியில் போவதற்கும் ஒரு வசதி வேண்டும்; அந்த வசதி அவருக்கு வந்துவிட்டது, எனக்கு இன்னும் வரவில்லை.

ஓட்டுகிற சுகத்துக்கு வருகிறேன். ஆழியாரிலிருந்து வால்பாறை வரை நாற்பது கொண்டை ஊசி வளைவுகள். சிவப்பு வண்டியில் இந்தப் பாதையை ஆறு முறை ஏறியிருக்கிறேன். ஒன்பதாவது வளைவில் லோம்ஸ் வியூவில் எல்லாரும் இறங்கிக் கீழே ஆழியார் அணையைப் பார்ப்பார்கள். எனக்கு இறங்கப் பொறுமை இருக்காது. அடுத்த வளைவு கூப்பிடும். வளைவுக்குள் நுழையும்போது மூக்கு நேராக உள்பக்கம் போகும், வெளியேறும்போது டர்போ பிடித்து இழுக்கும். கீழே இறங்கிய பிறகும் அரை மணி நேரம் கைகளில் அந்த ஆட்டம் இருக்கும். சின்ன வயதில் ராட்டினத்தில் இறங்கிய பிறகு தரை சுற்றுமே, அப்படி.

எட்டியோஸில் முதல் முறை போனது 2023 ஆகஸ்டில். மழை. காட்டுச் சோதனைச்சாவடி தாண்டியதும் கண்ணாடியில் பனிமூட்டம். முதல் வளைவிலேயே பழைய பழக்கத்தில் கொஞ்சம் வேகமாக நுழைந்துவிட்டேன். வண்டி வெளிப்பக்கம் சாய்ந்தது. பின்னால் இளநீர் மூட்டை இடம் மாறியது. மாமியார் முருகனைக் கூப்பிட்டார். இரண்டாவது வளைவுக்கு முன்னால் நேர்ச்சாலையிலேயே பிரேக்கை மிதித்து, இரண்டாம் கியரில் போட்டு, வளைவு திறக்கிற வரை காத்திருந்து, பிறகு மெல்ல மிதித்தேன். சாய்வு குறைந்தது. ஏழெட்டு வளைவுகளில் ஒரு தாளம் கிடைத்துவிட்டது. மேலேறுகிற வண்டிக்கு இறங்குகிறவர் வழிவிட வேண்டும் என்பது மலைச்சாலை வழக்கம். ஒரு வளைவில் அரசு பஸ் வழிவிட்டு நின்றபோது, டிரைவர் என்னைப் பார்த்துத் தலையசைத்தார். வண்டியின் தயவில்லாமல் நானே ஓட்டினேன் என்ற எண்ணம் முதல் தடவையாக வந்தது. அட்டக்கட்டிக்குப் பக்கத்தில் வரையாடு ஒன்று பாறைச் சரிவில் நின்றிருந்தது. வண்டியை நிறுத்திப் பார்த்தோம். சிவப்பு வண்டியில் ஆறு முறை போயும் நான் வரையாட்டைப் பார்த்ததில்லை.

இதனால் இரண்டும் ஒன்றுதான் என்று சொல்ல வரவில்லை. ஒன்று அல்ல. கீழே இறங்கியபோது கைகளில் எதுவும் ஆடவில்லை. வீட்டுக்கு வந்து நன்றாகத் தூங்கினேன். முன்பெல்லாம் அந்த ராத்திரிகளில் தூக்கம் வராது, கண்ணை மூடினால் வளைவுகள் வரும். அந்தத் தூக்கமின்மைக்கு விலை என்ன என்று எனக்கு நன்றாகத் தெரியும், பில் வைத்திருக்கிறேன். அது அதிகமா குறைவா என்பதில்தான் மனம் ஒவ்வொரு மாதமும் ஒன்று சொல்கிறது.

என்னிடம் கேட்கிற உறவினர்களுக்கு நான் நாள்கணக்கு ஒன்று சொல்வேன். வருடத்தில் எத்தனை நாள் மலைச்சாலையிலோ காலியான நெடுஞ்சாலையிலோ ஓட்டுகிறீர்கள்? எத்தனை நாள் வண்டி ஓடாவிட்டால் சோறு இல்லை? எனக்கு முதலாவது நான்கு நாள், இரண்டாவது இருநூற்று அறுபது நாள். வங்கியில் வேலை பார்க்கிற, ஆபீஸுக்கு ஸ்கூட்டரில் போகிற என் நாத்தனாருக்குக் கணக்கு அப்படியே தலைகீழ். "பிடித்த வண்டியை வாங்கு, கூடுதல் வாரண்டியை மறக்காதே, சீட் கவரை அப்புறம் பார்" என்றேன். வாங்கிவிட்டாள். ஞாயிற்றுக்கிழமைகளில் மட்டும் எடுக்கிறாள். அதைத் துடைக்கிற நேரம் ஓட்டுகிற நேரத்தைவிட அதிகம் என்று அவள் கணவர் சொல்கிறார். அவள் முகத்தில் குறை எதுவும் தெரியவில்லை.

எட்டியோஸுக்குப் பிறகு என்ன என்று நானும் பார்க்காமல் இல்லை. 2024இல் வந்த புது ஸ்விஃப்டை ஓட்டிப் பார்த்தேன். ஊருக்குள் துள்ளுகிறது, ஸ்டீயரிங் லேசு, ஆனால் என் கோன் பெட்டிகளுக்கு டிக்கி போதாது. பெட்ரோலும் மின்சாரமும் சேர்ந்து ஓடுகிற டொயோட்டா ஹைரைடர் ஹைபிரிட் சிக்னலில் சத்தமே இல்லாமல் நகர்ந்தது. அந்த ஒரு நிமிடம் மேம்பால வேலைக் காலமெல்லாம் கண்முன் வந்துபோனது. ஏற்றத்தில் மிதித்தால் மட்டும் எஞ்சின் ஒரே சுருதியில் கத்துகிறது, வேகம் பின்னால் நிதானமாக வருகிறது. அதுவும் பழகிவிடும் என்றார் விற்பனையாளர். எட்டியோஸின் நடுமீட்டர் எனக்கு நான்கு ஆண்டுகளில் பழகவில்லை என்று அவரிடம் சொல்லவில்லை.

போன செவ்வாய்க்கிழமை காரணம்பேட்டைப் பக்கம் ஒரு பெட்ரோல் பங்கில் நின்றிருந்தேன். பக்கத்து வரிசையில் இன்னொரு எட்டியோஸ், மஞ்சள் பிளேட். டிரைவர் தம்பி இறங்கி வந்தார். பன்னிரண்டாவது தடவை என்று நினைத்துக்கொண்டேன். "வண்டி வாடகைக்கு வருமா, அக்கா?" என்று கேட்கவில்லை அவர். என் வண்டியை ஒரு சுற்றுச் சுற்றினார், டயரைப் பார்த்தார், மீட்டரை எட்டிப் பார்த்தார், கதவைத் திறந்து சாத்தினார். டால்டா டப்பாச் சத்தம். அவருக்கு அது பிடித்திருந்தது போலத் தெரிந்தது.

"பெட்ரோல் வண்டி, இவ்வளவு சுத்தமாக இப்போது கிடைப்பதில்லை அக்கா. கொடுப்பதாக இருந்தால் எனக்குச் சொல்லுங்கள். அவர் ஏதாவது விலை மனத்தில் வைத்திருக்கிறாரா?"

"யார்?"

"வண்டிக்காரர்."

"நான்தான் வண்டிக்காரர்" என்றேன். நாக்கைக் கடித்துக்கொண்டார். விலை எதுவும் சொல்லவில்லை. ஆனால் அவருடைய நம்பரை வாங்கிக் கைப்பேசியில் 'எட்டியோஸ் தம்பி' என்று பதிந்து வைத்திருக்கிறேன்.